அடம் புடிக்கிற பவளத்தின்னி மீனுக்கு மாஸ்டிக் பேஸ்ட்: பினாங்குல யூஸ் பண்ணி பாத்த ரிவியூ

மாஸ்டிக்னு பிசைஞ்சு அப்பற மீன் தீனி பேஸ்ட் ஒண்ணு இருக்கு, அதை வாங்கலாமா வேணாமான்னு கடல் மீன் வளக்கற நெறைய பேரு வாட்ஸப்புல கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்கு மொத்தமா ஒரே இடத்துல எழுதிடறேன். சுருக்கமா வேணும்னா இதுதான்: காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை, ஆரஞ்ச் ஸ்பாட்டட் ஃபைல்ஃபிஷ் மாதிரி சின்ன வாய் உள்ள, அடம் புடிக்கிற மீனு வச்சிருந்தீங்கன்னா கண்டிப்பா வாங்குங்க, குடுக்கற காசுக்கு தகுந்த பொருள். க்ளவுன், டாம்ஸல், டாங் மட்டும்தான் இருக்குன்னா தேவையே இல்ல, அதுங்க எதை போட்டாலும் தின்னும். ஆனா பாக்கெட்டை வாங்கி தண்ணியில போட்டவுடனே மீனு ஓடி வந்து தின்னுடும்னு நெனச்சா அது நடக்காது, தீனியை எங்க வைக்கறோம், எப்படி வைக்கறோம், பக்கத்துல வேற எந்த மீனு நிக்குதுங்கறதுலதான் முக்காவாசி விஷயம் இருக்கு, அதனால இது கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

எங்கிட்ட இருக்கறது பாயான் லெப்பாஸ் அபார்ட்மெண்ட்ல ஒரு நாலடி ரீஃப் டேங்க் (உயிர் பவளத்தோட இருக்கற கடல் தண்ணி தொட்டி), சில்லர் போட்டு 26 டிகிரியில ஓடுது, அது இல்லாம புது மீனுக்குன்னு ஒரு ரெண்டடி டேங்க் தனியா இருக்கு. மெயின் டேங்க்ல ஒரு காப்பர்பேண்ட், ஒரு ஜோடி ஆரஞ்ச் ஸ்பாட்டட் ஃபைல்ஃபிஷ். இந்த மூணுக்கும் ரெடிமேட் தீனி பழக்கினதுல கத்துக்கிட்டதுதான் கீழ இருக்கறது எல்லாம்.

முதல்ல இந்த மீனுங்க ஏன் திங்கறதில்லன்னு புரிஞ்சாத்தான் இந்த பேஸ்ட் ஏன் வேலை செய்யுதுன்னு புரியும். பட்டர்ஃபிளை குடும்பத்துல கிட்டத்தட்ட 130 வகை இருக்கு, அதுல ஏகப்பட்டது பவளத்தோட பாலிப்பை, அதாவது பவளத்துல இருக்கற குட்டி குட்டி உயிரை, கொத்தி தின்னு வாழறது. கொஞ்சம் வகைக்கு பவளமும் வேணும் புழுவும் வேணும், இன்னும் கொஞ்ச வகைக்கு பவளத்தை தவிர வேற எதுவும் தீனின்னே தெரியாது. காப்பர்பேண்ட் உண்மையில பவளத்தின்னி இல்ல, அந்த நீள மூக்கை பாறை இடுக்குல விட்டு புழு, குட்டி இறால், சிப்பி சதைன்னு நோண்டி தின்ற மீனு, ஆனா வீட்டுக்கு வந்தா பவளத்தின்னி அளவுக்கே அடம் புடிக்கும். ஃபைல்ஃபிஷ் நேர் எதிர், ஆக்ஸிமோனகாந்தஸ் லாங்கிராஸ்ட்ரிஸ்னு பேரு, பச்சை உடம்புல ஆரஞ்ச் புள்ளி, கடல்ல அக்ரோபோராங்கற கல் பவளத்தோட பாலிப்புதான் அதுக்கு சாப்பாடு. 2015-ல ஆஸ்திரேலியா ஆராய்ச்சியாளருங்க வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு, இந்த மீனு எந்த அக்ரோபோராவை தின்னுதோ அந்த அக்ரோபோரா வாசமே அது மேல வருதாம், வேட்டையாட வர்ற பெரிய மீனுக்கே மோப்பம் புடிக்க முடியாத அளவுக்கு. அந்த அளவுக்கு பவளத்தோட ஒட்டி வாழற ஜீவன் முன்னாடி நீங்க தண்ணியில மிதக்கற பெல்லட்டை போட்டா அது திரும்பி கூட பாக்காது. பாத்தாலும் அது தீனின்னு அதுக்கு தோணாது, ஏன்னா அதோட வாழ்க்கையில தீனி மேல இருந்து விழுந்ததே இல்ல, எப்பவும் ஒரு கெட்டியான கிளை மேல ஒட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்கு.

மாஸ்டிக்கோட பலமே இந்த இடத்துலதான். ஸ்பெயின்ல ஈஸிரீஃப்ஸ்னு கம்பெனி, அவங்களுக்கு நுண்பாசி வளக்கறதுதான் பரம்பரை தொழில் மாதிரி, அவங்க போடற பொருள். பவுடரா வரும். கொஞ்சம் எடுத்து சொட்டு சொட்டா தண்ணி விட்டு விரல்ல பிசைஞ்சா சப்பாத்தி மாவு பதத்துக்கு வரும், அதை கண்ணாடியில அப்பலாம், பாறையில அப்பலாம், எங்க அப்புனாலும் தண்ணிக்குள்ள ஒட்டிக்கிட்டு நிக்கும், மீனுங்க வந்து கொத்தி கொத்தி திங்கலாம். தண்ணி கூடிப்போச்சுன்னா கரைஞ்சு மேகம் மாதிரி பறந்துடும், அதனால தண்ணியை சொட்டு சொட்டாத்தான் விடணும், டேங்க் தண்ணியவே எடுத்துக்கலாம். வாசம் கொஞ்சம் தூக்கலா இருக்கும், கடல் பாசியும் காஞ்ச கூனி இறாலும் கலந்த மாதிரி, சமையல் கட்டுல வச்சு பிசையாதீங்க, வீட்டுல சண்டை வரும்.

நான் கண்ணாடியில அப்பறதில்ல. செத்துப்போன அக்ரோபோரா எலும்புக்கூடு ஒண்ணு, பழைய டேங்க் கலைச்ச ஒரு நண்பர் குடுத்தது, அது மேலதான் அப்பறேன். விரல் நுனியில கொஞ்சூண்டு எடுத்து கிளை நுனியில அழுத்தினா, பாலிப் இருந்த அந்த குட்டி குட்டி குழிக்குள்ள எல்லாம் பேஸ்ட் போய் உக்காந்துக்கும், மேல மிச்சம் இருக்கறதை வழிச்சு எடுத்துடணும். குழிக்குள்ள இருக்கறதுதான் முக்கியம், மேல கட்டியா இருந்தா அதை மத்த மீனு வந்து ஒரே வாயில அள்ளிட்டு போயிடும், குழிக்குள்ள இருக்கறதை இந்த ஊசி வாய் மீனுங்கதான் நோண்டி எடுக்க முடியும். அந்த கிளையை டேங்க்ல அது வழக்கமா சுத்தற உயரத்துல, கொஞ்சம் மறைவா, தண்ணி வேகம் கம்மியா இருக்கற இடத்துல வைங்க.

ஃபைல்ஃபிஷ் முதல் தடவை கொத்தினதை கிட்ட உக்காந்து பாத்தேன், அதை சொல்லியே ஆகணும். மொதல்ல ரெண்டும் கிளையை சுத்தி சுத்தி வந்துச்சுங்க, கண்ணு மட்டும் தனியா உருளும், உடம்பு அசையாம ஒரு கண்ணு கிளையை பாக்கும் இன்னொரு கண்ணு என்னை பாக்கும். அப்புறம் பெண் மீனு தலையை கீழ சாய்ச்சு, உடம்பை கிளையோட சாய்வுக்கே கொண்டு வந்து நிறுத்திச்சு, அதுங்க பவளத்துல ஒளியறப்ப அப்படித்தான் நிக்கும். வாயை குழி மேல வச்சு டொக்குன்னு ஒரு கொத்து. உடனே துப்பிடுச்சு. அந்த துப்பின துகள் கீழ விழறதுக்குள்ள திரும்ப அதையே எடுத்துச்சு, திரும்ப துப்பிச்சு, இப்படியே எடுக்கறதும் துப்பறதுமா போச்சு, கடைசியா ஒரு துகள் உள்ள போய் வெளிய வரல, செவுள் ரெண்டும் வேகமா அடிச்சுது. ஆண் மீனு அதுவரைக்கும் வேடிக்கைதான், பெண் மீனு விழுங்கினதை பாத்ததும் பக்கத்து கிளையில வந்து அதுவும் கொத்த ஆரம்பிச்சிடுச்சு. அதனாலதான் எல்லார்கிட்டயும் சொல்றேன், ஃபைல்ஃபிஷ் வாங்கினா ஜோடியா வாங்குங்க, ஒண்ணு கத்துக்கிட்டா இன்னொண்ணு பாத்து கத்துக்கும், தனியா இருக்கறது பயந்துக்கிட்டே நாளை ஓட்டும்.

துப்பறதை பாத்து மனசு விட்டுடாதீங்க. துப்புதுன்னா ருசி பாக்குதுன்னு அர்த்தம், திரும்பியே பாக்காம போனாத்தான் கவலைப்படணும்.

காப்பர்பேண்டுக்கு பேஸ்ட் ரெண்டாவது படிதான், முதல் படி நம்ம பாசார்லயே, அதாவது சந்தையிலயே கிடைக்குது. உயிரோட இருக்கற கெராங், இல்லன்னா லாலா, ரெண்டும் சிப்பி வகைதான். ஜூரு பக்கம், கோல செபத்தாங் பக்கம் சேத்துல வளக்கறதுதான் பினாங்கு பாசாருக்கு வரும், காலையில சீக்கிரமா போய் வாய் மூடி இருக்கறதா பாத்து கொஞ்சம் வாங்குங்க, விரல்ல தட்டினா மூடிக்கணும், திறந்தே கெடந்தா அது செத்தது, வேணாம். நல்லா தேய்ச்சு கழுவி, கத்தியை கீல்ல விட்டு திறந்து ஒரு பக்க ஓட்டை எடுத்துட்டு, சதையோட இருக்கற பாதியை மணல் மேல வைங்க. கெராங் ரத்தம் சிவப்பா கசியும், பயப்படாதீங்க, அந்த வாசம்தான் அதை இழுக்குது. எதையுமே தொடாத காப்பர்பேண்ட் கூட இதுல நீள மூக்கை விட்டு சதையை பிச்சு பிச்சு திங்கறதை பாக்கலாம். ஒரு ரெண்டு மணி நேரத்துல ஓட்டை எடுத்துடுங்க, நம்ம ஊரு சூட்டுக்கு அழுகிப்போச்சுன்னா அம்மோனியா ஏறிடும். இன்னொண்ணு, இதையே தினமும் குடுத்துக்கிட்டு இருக்காதீங்க, பச்சை சிப்பி வகையில நெறையதுல தயாமினேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது வைட்டமின் பி1-ஐ அழிச்சிடும், நாளடைவுல மீனு மெலிஞ்சு போகும். பசியை தட்டி எழுப்பறதுக்குத்தான் கெராங்.

அதுல இருந்து பேஸ்டுக்கு மாத்தற தந்திரம் இதுதான், கெராங் சதையை தின்னு முடிச்ச காலி ஓடு இருக்குல்ல, அதுலயே மாஸ்டிக்கை அப்பி, மேல கொஞ்சமா கெராங் சதையை நறுக்கி ஒட்டி அதே இடத்துல வைங்க. மீனுக்கு அந்த ஓடு தெரியும், அந்த இடம் தெரியும், சதையை பிச்சு எடுக்கறப்ப பேஸ்டும் சேந்து வாய்க்குள்ள போகும். கொஞ்சம் கொஞ்சமா சதையை கொறைச்சுக்கிட்டே வாங்க. அப்புறம் அதே ஓட்டுல மைசிஸை (இறால் மாதிரி இருக்கற குட்டி ஜீவன்) வைக்கலாம், அப்புறம் பைப்பெட்ல ஓட்டு பக்கமா மைசிஸை விடலாம், அதுக்கப்புறம் தண்ணியில மிதக்கறதையும் எடுக்கும். அவசரப்பட்டு ஒரு படியை தாண்டினீங்கன்னா திரும்ப மொதல்ல இருந்துதான்.

மைசிஸ் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா நெறைய பேரு பேஸ்டும் மைசிஸும் ஒண்ணுக்கு பதிலா ஒண்ணுன்னு நெனக்கறாங்க. ஹிக்காரி ஃப்ரோஸன் மைசிஸ் நம்ம ஊருல சுலபமா கிடைக்குது, சைஸ் சின்னது, காப்பர்பேண்டுக்கு அளவா இருக்கும். பிஇ மைசிஸ்னு ஒண்ணு இருக்கு, கனடாவுல ஒக்கனாகன் ஏரியில புடிக்கறது, கொழுப்பு சத்து நல்லா இருக்கும், முழுசு முழுசா இருக்கும், ஆனா ஃபைல்ஃபிஷ் வாய்க்கு ரொம்ப பெருசு, நறுக்கித்தான் போடணும். ப்ரைன் ஷ்ரிம்ப்னு உப்புத்தண்ணி குட்டி இறால் ஒண்ணு, அதை எல்லா மீனும் ஆசையா தின்னும், உயிரோட இருக்கறதா இருந்தா இன்னும் ஆசையா தின்னும், அது நெளியறதை பாத்தே வாய் தானா போகும், ஆனா வெறும் ப்ரைன் ஷ்ரிம்ப்ல சத்து ரொம்ப கம்மி, செல்கான் மாதிரி ஏதாவது கொழுப்பமிலம், வைட்டமின் சொட்டுல ஊற வச்சு குடுக்கணும். வெறும் ப்ரைன் ஷ்ரிம்ப் தின்னு தின்னே வயிறு ஒட்டிப்போன பட்டர்ஃபிளையை கடைகள்ல நான் பாத்திருக்கேன், திங்குது திங்குதுன்னு சொல்லியே வித்துடுவாங்க. டிடிஓ பெல்லட் கடைசி படி, ரீஃப் நியூட்ரிஷன்காரங்க போடறது, குட்டி சைஸ்லயும் வருது, ஊறினா மெத்துன்னு இருக்கும், என் காப்பர்பேண்ட் இப்ப அதை ஆட்டோ ஃபீடர்ல இருந்தே எடுக்குது. ஃபைல்ஃபிஷ் ரெண்டும் இன்னும் பேஸ்டும் நறுக்கின மைசிஸும்தான், பெல்லட்டை வாயில எடுத்து பாக்கும், விழுங்காது. அதுக்கு மேல நான் வற்புறுத்தல, உடம்பு நல்லா இருக்கு, அது போதும்.

விலைக்கு வருவோம். பவுடர் டப்பாவை பாத்தா சின்னது, ஹிக்காரி ஒரு பேக் விலையோட ஒப்பிட்டா கண்ணு முழிக்கும். ஆனா ஒரு தடவைக்கு பட்டாணி அளவு கூட வேணாம், ஒரு டப்பா நல்லா நாள் வரும், அது மட்டுமில்ல, ஃபைல்ஃபிஷுக்கு உயிர் அக்ரோபோரா வாங்கி போடறவங்க கணக்கை பாருங்க, ஒரு குட்டி ஃப்ராக் (வெட்டி விக்கற பவளத் துண்டு) என்ன விலை விக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஒரு ஜோடி அதை எவ்வளவு சீக்கிரம் வழிச்சுடும்னும் தெரியும். அதுவும் போக, கல் பவளம் எல்லாமே சைட்டிஸ்ங்கற உயிரின வியாபார கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல இருக்கு, நம்ம மரைன் பார்க் உள்ள எதையும் ஒடைச்சு எடுக்கவும் கூடாது, மீனு தீனிக்குன்னு பவளத்தை அழிக்கறது எனக்கு மனசுக்கு ஒப்பல. 2010-ல கடல் சூடாகி பவளம் வெளுத்தப்ப தியோமான், ரெடாங் தீவு பக்கம் டைவ் இடங்களையே மூடி வச்சாங்க, அந்த நிலைமையில இருக்கற ஒரு ஜீவனை தட்டுல வச்சு பரிமாற வேண்டிய அவசியம் இல்லாம பண்றதாலயே இந்த மாதிரி பேஸ்டுக்கு நான் காசு குடுக்க தயாரா இருக்கேன்.

வீட்டுல ரெடிமேட் தீனியில இந்த ஃபைல்ஃபிஷ் வாழுமான்னு சந்தேகப்படறவங்களுக்கு ஒரு விஷயம், அமெரிக்காவுல மேட் பெடர்சன்னு ஒரு ஹாபியிஸ்ட் 2009 வாக்குலயே இதை வீட்டுல முட்டை போட வச்சு குஞ்சும் வளத்துட்டார். முடியாதுன்னு எல்லாரும் எழுதி வச்சிருந்த மீனு அது. முட்டை போடற அளவுக்கு ஒரு மீனு தெம்பா இருக்குன்னா சாப்பாடு சரியா போகுதுன்னுதான அர்த்தம்.

இப்ப குறைங்க. பேஸ்ட் எண்ணெய் பசை உள்ளது, போட்ட உடனே ஸ்கிம்மர் (நுரை மூலமா தண்ணி அழுக்கை எடுக்கற கருவி) ஒண்ணு நுரை வர்றதை நிறுத்திடும் இல்லன்னா பொங்கி வழியும், அதனால தீனி நேரத்துல ஸ்கிம்மரை ஆஃப் பண்ணிட்டு அப்புறம் மறக்காம ஆன் பண்ணுங்க, டைமர் பிளக் போட்டுக்கறது நல்லது. நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் ஏறும், எஸ்பிஎஸ், அதாவது அக்ரோபோரா மாதிரி சின்ன பாலிப் கல் பவளம், வச்சிருக்கறவங்க டெஸ்ட் கிட்டை பக்கத்துலயே வச்சுக்கோங்க. மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்கற கிளையை ராத்திரி முழுக்க டேங்க்ல விடக்கூடாது, எடுத்து பிரஷ் போட்டு கழுவி காய வைக்கணும், நான் ரெண்டு எலும்புக்கூடு மாத்தி மாத்தி யூஸ் பண்றேன். டாங், ராஸ் மாதிரி முரட்டு மீனு இருக்கற டேங்க்ல இது சுத்தமா எடுபடாது, அப்பின நிமிஷத்துல காலி பண்ணிடும், அடம் புடிக்கிறது ஓரமா நின்னு பாத்துக்கிட்டே பட்டினி கெடக்கும். அதுக்குத்தான் தனி டேங்க்ல பழக்கணும்னு சொல்றது, இல்லன்னா டேங்க்குள்ளயே பிரிச்சு வைக்கற அக்ளிமேஷன் பாக்ஸ்ல வச்சாவது பழக்கணும், முதல் சாப்பாடு அது நிம்மதியா தின்ற சாப்பாடா இருக்கணும். இது பேஸ்டோட குறை இல்ல, ஆனா வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது.

எத்தனை வேளைங்கறது ரொம்ப முக்கியம், இதை எந்த டப்பாவுலயும் பெருசா போடறதில்ல. பவளத்தின்னி மீனு கடல்ல காலையில வெளிச்சம் வந்ததுல இருந்து சாயங்காலம் வரைக்கும் கொத்திக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு கொத்துக்கும் கிடைக்கறது துளியூண்டுதான், அதோட வயிறும் அதுக்கு தகுந்த மாதிரிதான். காலையில ஒரு வேளை, ராத்திரி வேலை விட்டு வந்து ஒரு வேளைன்னு க்ளவுனுக்கு போடற மாதிரி போட்டா, தின்னுக்கிட்டே மெலியும். மாஸ்டிக்ல எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான், காலையில ஆபீஸ் போறதுக்கு முன்னாடி கிளையில அப்பி வச்சுட்டா மத்தியானம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கொத்திக்கிட்டு இருக்கும், மத்தியானம் அம்மா வந்து கிளையை எடுத்து வைப்பாங்க, ராத்திரி வேற கிளை. மைசிஸ்ல இந்த வசதி கிடையாது, விட்ட அஞ்சு நிமிஷத்துல ஒண்ணு தின்னு முடிஞ்சிருக்கும் இல்ல ஓவர்ஃப்ளோவுல போயிருக்கும்.

உடம்பு ஏறுதா இல்லையான்னு பாக்க தராசு வேணாம். முன்னாடி நேரா நின்னு மீனோட தலைக்கு பின்னாடி முதுகை பாருங்க, கத்தி முனை மாதிரி கூர்மையா இருந்தா பட்டினி, உருண்டு இருந்தா நல்லா இருக்கு. வயிறு உள்ள குழிஞ்சிருக்கக்கூடாது. பீயையும் பாருங்க, வெள்ளையா நூல் மாதிரி தொங்கிச்சுன்னா வயிறு காலி, இல்லன்னா உள்ள புழு இருக்கலாம், பழுப்பா கட்டியா விழுந்தா தீனி உள்ள போகுதுன்னு அர்த்தம். பட்டர்ஃபிளைக்கு ஃப்ளூக்ங்கற ஒட்டுண்ணி புழு தொல்லை ரொம்ப அதிகம், திங்காததுக்கு அடம் மட்டும் காரணம்னு நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க, ப்ராஸிக்வாண்டெல் ட்ரீட்மெண்ட் குடுத்ததுக்கப்புறம் திங்க ஆரம்பிச்ச மீனு நெறைய. ஆனா வந்த அன்னைக்கே காப்பர் மருந்து ஊத்தாதீங்க, இருக்கற கொஞ்ச பசியும் போயிடும், வெள்ளைப் புள்ளி நோய் உடம்பு முழுக்க வந்தா வேற வழி இல்ல, அது இல்லாதப்ப மொதல்ல ரெண்டு வாய் திங்க வச்சுட்டு அப்புறம் மருந்தை பத்தி யோசிங்க. தண்ணி சூடும் பாருங்க, சில்லர் இல்லாத டேங்க் நம்ம ஊருல 30, 31 போயிடும், ஆக்ஸிஜன் கொறையும், மூச்சு வாங்கற மீனுக்கு எந்த பேஸ்டும் ருசிக்காது.

கடையை பத்தியும் ஒரு வார்த்தை, எந்த தீனி வாங்கினாலும் மீனு வாங்கற இடம் சரியில்லன்னா வீண்தான். நான் காப்பர்பேண்ட் எடுத்த தவுக்கே (கடை முதலாளி), தீவுக்குள்ளதான் கடை, நான் கேக்கறதுக்கு முன்னாடியே ஃப்ரோஸன் மைசிஸை உருக்கி டேங்க்ல விட்டு காட்டினார், அது ரெண்டு வாய் எடுத்தப்புறம்தான் விலையே சொன்னார், அதுவும் டெபாசிட் வாங்கிக்கிட்டு இன்னும் கொஞ்ச நாள் கடையிலயே வச்சு தீனி போட்டு அப்புறம்தான் குடுத்தார். "பாஸ், இன்னைக்கு கொண்டு போகாதீங்க, இன்னும் களைப்பா இருக்கு"ன்னு ஒரு கடைக்காரர் தன் வியாபாரத்தை தானே தள்ளிப் போடறார்னா அவரை விட்டுடாதீங்க. இன்னொரு கடையில, அது எந்த ஊருன்னு கூட வேணாம், பெல்லட்டே தின்னும் தம்பின்னு சொன்னாங்க, போட்டு காட்டுங்கன்னா இப்பதான் சாப்டுச்சு வயிறு ஃபுல்லுன்னு பதில். வயிறு ஒட்டிப்போய் முதுகு கத்தி மாதிரி நிக்குது. வெளிய வந்துட்டேன். இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் பக்கம் சட்டப்படி தடை இருந்தும் சயனைடு போட்டு புடிக்கறது இன்னும் முழுசா நிக்கல, அப்படி புடிச்ச மீனு நல்லா தின்னுக்கிட்டு இருக்கறப்பவே திடீர்னு போயிடும், அதனால வந்து இறங்கின அன்னைக்கு வாங்காம, கடையில கொஞ்ச நாள் தங்கினதா, எங்க இருந்து வந்ததுன்னு கேட்டா பதில் சொல்ற ஆளுகிட்ட வாங்கறதுதான் நல்லது. காப்பர்பேண்ட்ல ரொம்ப குட்டியும் வேணாம், கையளவு பெருசும் வேணாம், நடு சைஸ்தான் சீக்கிரம் பழகும்.

எந்த மீனுக்கு மாஸ்டிக் பழக்கலாம்னு கேட்டு வர்ற லிஸ்ட்ல ஷெவ்ரான், மேயர்ஸ், ஆர்னேட்னு பவளத்தை மட்டுமே திங்கற பட்டர்ஃபிளை பேரெல்லாம் பாக்கறப்ப எனக்கு கஷ்டமா இருக்கு. ஷெவ்ரான், அதாவது சீட்டோடான் ட்ரைஃபேஷியாலிஸ், மேசை மாதிரி விரிஞ்ச அக்ரோபோரா ஒண்ணை தன்னோட இடம்னு புடிச்சுக்கிட்டு அதையே தின்னு அதையே காவல் காக்கற மீனு. பேஸ்ட்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு வெற்றி கிடைச்சிருக்கலாம், அதுக்காக நாமளும் முயற்சி பண்ணி பாப்போம்னு வாங்கினா சாகப்போறது மீனுதான். அதுங்களை கடல்லயே விடுங்க, கடைக்காரர்கிட்டயும் இதை கொண்டு வராதீங்கன்னு சொல்லுங்க, ஆர்டர் இல்லன்னா அவரும் கொண்டு வர மாட்டார். எட்டு கோடு பட்டர்ஃபிளையும் இந்த வகைதான், ஆக்டோஃபேஷியேட்டஸ், நம்ம மலேசிய பவளப்பாறைகள்லயே ஜோடி ஜோடியா சுத்தற அழகு மீனு, கடையில மலிவா கிடைக்கறதால நெறைய பேரு வாங்கிடறாங்க. பேஸ்டை எடுத்ததா ரெண்டு நண்பருங்க சொல்றாங்க, நேர்ல போய் பாத்தேன், கொத்துதுங்க, ஆனா முதுகு உருளல. அதனால அதுக்கு நான் இப்போதைக்கு பரிந்துரை பண்ண மாட்டேன்.

மார்க் போடணும்னா பத்துக்கு எட்டரை. ஒண்ணரை கொறைச்சது தண்ணி கெடுக்கறதுக்கும், நம்ம ஊரு கடைகள்ல எப்பவும் ஸ்டாக் இல்லாததுக்கும். ஷாப்பியில தேடினா கிடைக்கும், எக்ஸ்பைரி தேதியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிட்டு வாங்குங்க. பாக்கெட் திறந்தப்புறம் நம்ம ஈரக் காத்துல சீக்கிரம் கட்டி தட்டிடும், நான் காத்து புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் பை ஒண்ணு போட்டு ஃப்ரிட்ஜ்ல வைக்கறேன், எடுக்கற கரண்டி காஞ்சிருக்கணும். பிசைஞ்சது மிச்சமானா குட்டி உருண்டையா பண்ணி ஃப்ரீஸர்ல போட்டு அடுத்த நாள் யூஸ் பண்ணலாம், அதுக்கு மேல வைக்காதீங்க. காப்பர்பேண்ட் பழக்கறதுல எங்கயாவது மாட்டிக்கிட்டீங்கன்னா முதுகு பக்கமா ஒரு போட்டோவும், டேங்க்ல வேற என்ன மீனு இருக்குன்னும் அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.